வல்லூறு பொறித்த வில்லை

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை வாட்டும் தட்டைக் காணாமல் முரியல் அடுக்களையையே தலைகீழாகப் புரட்டிவிட்டாள். கடைசியில் அது அகப்பட்ட இடம், வாசலில் நின்ற காரின் வயிற்றுக்கு அடியில். தட்டில் கன்னங்கரேலென்று ஒரு குளம் தேங்கியிருந்தது. அந்தக் குளத்தில், எந்த அவசரமும் இல்லாமல், மேலிருந்து இன்னுமொரு சொட்டு வந்து விழுந்தது.

"எட்கர்! அது என் தட்டு!"

காருக்கு அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு கால்கள் சற்றே மடங்கின. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும், முரியல். தரையெல்லாம் கறையாயிடுமேன்னுதான்..."

"கறியை நான் எதுல வாட்டறது? உன் கார் மூக்கு மேலயா?"

"அது சூடாக அரை மணி நேரம் ஆகுமே," என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல், மிகவும் யோசித்து.

எட்கர் பில்பீம் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர். முப்பது ஆண்டுகளாக ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் செல்வர் வீட்டுக் கூடங்களிலும் ஏறி இறங்கி, பிறர் வாசிப்பதற்கென்றே கருவிகளைச் செம்மை செய்து கொடுத்தவர். தமக்கென்று அழகான பொருள் ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. அந்த வசந்தத்தில் மனைவியுடன் கிளன்ஃபோர்ட் கிராமத்துக்குக் குடிவந்த கையோடு, பக்கத்து நகரத்து ஏலக்கூடத்தில் அந்தக் குறையை ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டார்.

அதன் பெயர் பெரிக்ரின். இரண்டே இருக்கை, கூரையற்ற திறந்த உடல், நாவற்பழத்தின் நிறம், வளைந்து நீண்ட முகப்பின் நுனியில், சிறகு மடக்கிப் பாயும் ஒரு வெள்ளி வல்லூறு. அறுபதுகளில் பிறந்து, இருபது ஆண்டுக் காற்றையும் மழையையும் கண்ட பிறகும், நிற்கும்போதே அது ஓடுவது போலிருந்தது. ஓடும்போது நிற்பது போலிருக்கிறது என்பது முரியலின் கட்சி. எட்கரோ, தேர்வடத்தைத் தொடும் அடியவரைப் போல, கையைத் துடைத்துக்கொண்டுதான் அதன் கதவைத் தொடுவார்.

வேலிக்கு அப்பால் ஒரு நிழல் தயங்கியது. ஊர்க் கசாப்புக்காரர் ஹாக்கின். கோடு போட்ட மேலங்கி, விரல்களில் மாவு போல ஒட்டிய எலும்புத்தூள். மார்பில், எனாமல் பூசிய ஒரு பித்தளை வில்லை புத்தம் புதிதாக மின்னியது. அதிலும் அதே வல்லூறு.

"சொட்டுதா சார்?" என்றார் ஹாக்கின்.

எட்கர் வெட்கத்துடன் வெளியே ஊர்ந்து வந்தார். "கொஞ்சம்."

"அப்பாடா!" என்று ஹாக்கின் நெஞ்சில் கை வைத்தார். "சொட்டினா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். சொட்டறது நின்னாத்தான் பயப்படணும்."

"உங்ககிட்டயும் பெரிக்ரின் இருக்கா?"

கசாப்புக்காரர் வேலிக் கம்பத்தை வருடினார். "இப்போ... ஓட்டற மாதிரி இல்லீங்க. புதன்கிழமை சாயங்காலம் 'கலப்பை' விடுதிக்கு வாங்க. எங்க பெரிக்ரின் சங்கம் அங்கதான் கூடும்." இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார். "ஒருவேளை விக்கறதா இருந்தா, முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

எட்கரின் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது. "பாத்தியா முரியல்? வந்து மூணு நாள் ஆகல, ஊரே ஏங்குது."

"ஏங்கட்டும். தட்டைக் கழுவிக் குடு."

புதன்கிழமை 'கலப்பை' மதுவிடுதியில் சங்கத்தின் முக்கிய உறுப்பினர்கள் மூவரையும் அவர் ஒருங்கே கண்டார். ஹாக்கின், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மிஸ் ஆக்லி, ஊர்க் குருவானவர் டில்லட்சன் ஐயா. மூவர் மார்பிலும் வல்லூறு பொறித்த வில்லை. சுவரில் சட்டமிட்ட படங்கள்: நீல நிறப் பெரிக்ரின் அருகே கறுப்புத் தலைமுடியுடன் குருவானவர், வெண்ணெய் நிறப் பெரிக்ரினின் படியில் காலூன்றி மிஸ் ஆக்லி, பச்சை நிறப் பெரிக்ரினுடன் யாரோ ஒரு மீசைக்காரர்.

வாசலில் மட்டும் ஒரு பெரிக்ரினும் இல்லை. எட்கருடையதைத் தவிர நின்றவை எல்லாம் ஒழுங்காக ஓடும் சின்னச் சின்ன ஜப்பானியக் கார்கள்.

"உங்க கார்லாம் எங்கே?" என்றார் எட்கர்.

மூவரும் தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"என்னுது கையில இல்ல இப்போ," என்றார் குருவானவர்.

"அதைப் பத்திப் பேச வேண்டாமே," என்று மிஸ் ஆக்லி கைக்குட்டையை எடுத்தார்.

எட்கர் புரிந்துகொண்டு தலையசைத்தார். பழைய கார் வைத்திருப்போர் சங்கம் எதிலும் இதுதானே வழக்கம்? ஒவ்வொருவரின் காரும் ஏதோ ஒரு கொட்டகையில், போர்வைக்கு அடியில், ஒரே ஒரு உதிரிப் பாகத்துக்காகத் தவம் கிடக்கும். அதைக் கிளறிக் கேட்பது நோயாளி வீட்டில் ஈமச் செலவைக் கேட்பது போல. அவர் பேச்சை மாற்றினார்.

"சங்கத்துல சேரணும். எனக்கும் அந்த பேட்ஜ் ஒண்ணு வேணும்."

பீர் குழாயருகே நின்ற விடுதிக்காரி டோரீன் சிரித்துவிட்டாள். குருவானவர் இருமினார்; அந்த இருமலில் ஒரு கண்டிப்பு இருந்தது. டோரீன் கோப்பை துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

"இப்பவே எப்படிக் குடுக்கறது, பில்பீம்?" என்றார் மிஸ் ஆக்லி, வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்கிய பையனிடம் சொல்வது போல. "அதுக்குன்னு ஒரு நேரம் வரும்."

"நான் என்ன பண்ணணும்?"

"ராக் மேடு தெரியுமா?" என்றார் ஹாக்கின் கனவில் பேசுபவரைப் போல. "தேவாலயத்துக்குப் பின்னாடி செங்குத்தா ஏறுதே, அது. அறுப்புப் பண்டிகை ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும், ஒரு பெரிக்ரின் அதுல ஏறிப் பாக்கும். வருஷா வருஷம்."

"ஏறும்!" என்றார் எட்கர். மேசைமேல் அவர் வைத்த கை, பியானோவின் மூடியை மூடுவது போல உறுதியாக விழுந்தது.

முரியல் அன்றிரவே தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். "சரி. பண்டிகை ஞாயிறு என்னை அதுல உக்கார வச்சு மேட்டு உச்சிக்குக் கொண்டு போ. நடுவுல நின்னுதுன்னா, திங்கட்கிழமை அதுக்குப் புது வாசல் பாத்துடணும். சம்மதமா?"

"சம்மதம்! உச்சியில வச்சு எனக்கு பேட்ஜ் குத்துவாங்க. நீயே பாரு."

மறுநாள் காலை எட்கர் எண்ணெய்க் கசிவை வேரறுக்கப் புறப்பட்டார். தேடியதில், என்ஜினின் பக்கவாட்டிலிருந்து கீழே தொங்கிய ஒரு சின்னக் குழாயின் நுனியில் சொட்டு முத்துப் போல் ஊறுவதைக் கண்டார். ஒரு பழைய வைன் புட்டியின் தக்கையைச் சீவி, குழாயின் வாயில் இறுக்கமாக அடைத்தார். சொட்டு நின்றது. தட்டு கழுவப்பட்டு அடுக்களைக்கு மீண்டது. வீட்டில் அமைதி நிலவியது.

மறு வாரம் முரியலைக் கடைவீதிக்கு அழைத்துப் போகையில், என்ஜின் சிங்கம் போல் கர்ஜித்தது. கார் ஆமை போல் நகர்ந்தது. பின்னால் வந்த ஒரு மூதாட்டி சைக்கிளில் மணியடித்துவிட்டு முந்திச் சென்றார்.

செய்தி கேட்டு ஓடிவந்த மிஸ் ஆக்லி, முகப்பைத் திறந்து தக்கையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "இது என்ஜின் மூச்சு விடற குழாய், பில்பீம். மூக்கைப் பொத்தினா காத்து வேற எங்க போகும்? எண்ணெயை எல்லாம் பின்பக்கமாத் தள்ளி கிளட்ச் மேல கொட்டியிருக்கு. கிளட்ச் வழுக்குது."

"இப்ப என்ன செய்யறது?"

"கழட்டணும்."

"எதை?"

"எல்லாத்தையும்," என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்தார் எழுபதைத் தாண்டிய தலைமையாசிரியை.

இரண்டு வாரம் வாசலே ஒரு போர்க்களம். கியர்ப்பெட்டி புல்தரையில் சாய்ந்து கிடந்தது. கிளட்சை மாட்டும் நாளில் மிஸ் ஆக்லி தம் கைப்பையிலிருந்து பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கோலை எடுத்தார். அது கிளட்சின் நடுத் துவாரத்தில், வாளுக்கென்றே செய்த உறையில் வாள் புகுவது போலப் பொருந்தியது.

"எப்படி இவ்வளவு சரியா...?"

"பேசாம பிடிங்க. அந்தக் கீழ் போல்ட்டுக்கு ஸ்பேனர் போடாதீங்க. அதுக்கு மரை தேஞ்சிருக்கும். விரலால மட்டும் சுத்துங்க."

எட்கர் விரலால் சுற்றினார். மரை தேய்ந்துதான் இருந்தது. 'எல்லாப் பெரிக்ரினுக்கும் அந்த ஒரு போல்ட்டுதான் பலவீனம் போலும்' என்று எண்ணி, இத்தகைய அறிவாளர் கூட்டத்தில் தாமும் ஒருவராகப் போகும் நாளை நினைத்துப் பூரித்தார்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் ஒரு பட்டைக் கம்பி மட்டும் மிஞ்சியது. மிஸ் ஆக்லி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். எட்கர் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, அதை ஜாம் பாட்டிலில் போட்டு மூடினார். பியானோ வேலையில் ஒரு திருகாணி மிஞ்சுவதில்லையா என்ன?

பிறகு சோக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார்.

அவர் போட்ட அலறலில் தேவாலயத்துக் கோபுரத்துக் காகங்கள் எழுந்தன. குமிழ் கனன்றது, அதன் அடியிலிருந்து புகை சாம்பிராணி போலச் சுருள் சுருளாக வந்தது. முரியல் பூவாளியுடன் ஓடிவந்தாள்.

"கார் மேல ஊத்தாதே! கை மேல ஊத்து!"

"ரெண்டு மேலயும் ஊத்தறேன். எது முதல்ல அணையுதோ அணையட்டும்."

காகங்களின் கூச்சல் கேட்டோ என்னவோ, குருவானவர் டில்லட்சன் கல்லறைத் தோட்டத்துச் சுவர் தாண்டி வந்து சேர்ந்தார். புகையை ஒருமுறை முகர்ந்தார். பழைய நண்பன் ஒருவனின் குரலைக் கேட்டவர் போல அவர் முகம் கனிந்தது.

"எட்கர், என்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு பட்டைக் கம்பி வரும். எர்த். அது இல்லேன்னா மின்சாரம் சோக் கம்பி வழியாத் திரும்பிடும். அந்தக் கம்பியை மாட்டினீங்களா?"

எட்கர் ஜாம் பாட்டிலை நீட்டினார்.

"பரவால்ல," என்றார் குருவானவர். "எனக்கும் விரல் வெந்துது. இந்தச் சுட்டுவிரல்தான்."

எர்த் மாட்டப்பட்டது. ஆனால் சோக் கம்பி உருகிப்போனதில் இரட்டைக் கார்புரேட்டர்களும் நிலை குலைந்துவிட்டன. என்ஜின் சளி பிடித்தது போலத் திணறியது. குருவானவர் ஒரு ரப்பர் குழாயைக் கொடுத்தார். "ஒரு முனையைக் காதுல வைங்க, இன்னொரு முனையைக் கார்புரேட்டர் வாயில. சீறற சத்தம் கேக்கும். ரெண்டையும் கேட்டுக் கேட்டுச் சரி பண்ணணும். உங்க காதுக்கு இது ஒரு வேலையா?"

எட்கர் நிமிர்ந்து நின்றார். முப்பது ஆண்டுத் தவத்தின் பயன் இன்றல்லவா கைகூடுகிறது! அன்று முழுவதும் குழாயும் காதுமாக, திருப்புளியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மாலையில், வியர்வை வழியும் முகத்தில் வெற்றி ஒளிர, முரியலை அழைத்தார்.

"கேளு! இது சட்ஜமம். அது பஞ்சமம். அணுவளவு பிசகில்ல!"

பழந்தமிழர் குரலென்றும் இளியென்றும் பெயரிட்டுப் போற்றிய அந்த இணைநரம்பு, ஒரு பழைய காரின் வயிற்றிலிருந்து கலப்படமின்றி ஒலித்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கார் மட்டும் குளிர்சுரம் கண்டது போல உதறியது. ஐந்து நிமிடத்தில் ரேடியேட்டர் மூடி பறந்து, கொதிநீர் பன்னீர் போல முரியலின் ரோஜாச் செடிகள்மேல் பொழிந்தது.

வேலியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹாக்கின் தொப்பியைக் கழற்றினார். "பிரமாதமான பாட்டு சார். ஆனா அது ரெண்டும் சேர்ந்து பாடக்கூடாது; ஒரே குரல்ல பாடணும். ரெண்டுக்கும் ஒரே சத்தம். இப்போ ஒண்ணு குடிச்சே சாகுது, இன்னொண்ணு பட்டினி கிடக்குது."

"ஒரே சுருதியா? அதுல என்னய்யா ரசம் இருக்கு?"

"ரசம் இல்ல சார், பெட்ரோல்தான் இருக்கு."

மனத்துயரோடு எட்கர் பஞ்சமத்தைச் சட்ஜமத்துக்கு இறக்கினார். உதறல் நின்றது. கொதிப்பு நிற்கவில்லை. "அது அப்படித்தான்," என்றார் ஹாக்கின். "மேடு ஏறும்போது ஹீட்டரை முழுசாத் திறந்து விட்டுடுங்க. என்ஜின் சூடு உங்க மேல வந்துடும். நீங்க வேகறதுக்குள்ள அது பொழச்சுக்கும்."

கோடை முழுவதும் இப்படியே கழிந்தது. பண்டிகைக்கு முந்தைய நாள், உட்கார்ந்து பார்ப்போமே என்று பக்கத்து இருக்கையில் ஏறிய முரியலின் வலக்கால் தரையைத் துளைத்துக்கொண்டு புல்லைத் தொட்டது.

"எட்கர், உன் கார்ல புல்வெளி இருக்கு."

எட்கர் காருக்கு அடியில் படுத்துத் துருவைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, நாவற்பழ நிறத்துக்கு அடியில் வெண்ணெய் நிறம் வந்தது, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை. "பாத்தியா, அந்தக் காலத்து ஆளுங்க எத்தனை பூச்சுப் பூசியிருக்காங்க!" என்று வியந்தார். பச்சைக்கு அடியில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆகாயம் இருந்தது.

கடைகள் மூடிவிட்டன. ஓட்டையின் அளவுக்குச் சரியான தகடு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முரியல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"இந்தத் தட்டைத் தர மாட்டேன்."

"முரியல்..."

"என் அம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது."

எட்கர் கெஞ்சவில்லை. காரின் பக்கம் திரும்பி, கதவின் மேல் கை வைத்து, சும்மா நின்றார். சுட்ட விரலில் கட்டு; முழங்கையில் எண்ணெய்; கண்ணில், பிறர் பியானோக்களைப் பூட்டிவிட்டு வெளியேறும் மாலைகளில் அவள் பல முறை கண்டிருந்த அதே பார்வை. முரியல் தட்டை நடைபாதைக் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆணி அறையும் ஓசை இருட்டும்வரை கேட்டது.

அறுப்புப் பண்டிகை ஞாயிறு விடிந்தது. பீடத்தைச் சுற்றிப் பூசணியும் ஆப்பிளும், கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய ரொட்டியும், ஹாக்கின் காணிக்கையாக வைத்த கொத்துக் கறிக்குழல்களும் குவிந்திருந்தன. விளைவித்தவனை நன்றியோடு துதிக்கும் பாட்டை ஊரே எழுந்து நின்று பாடிற்று. எட்கர் கண்மூடிப் பாடினார். அவர் நன்றி சொன்னது கோதுமைக்கு மட்டுமன்று. வேண்டுதலோ ராக் மேட்டுக்கு மட்டுமே.

ஆராதனை முடிந்ததும் குருவானவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் மிஸ் ஆக்லியின் ஜப்பானியக் காரில் ஏறி முன்னே விரைந்தார். ஊர் மக்கள் மேட்டின் இருபுறமும் கூடினார்கள். பெரிக்ரின் புறப்பட்டது. சரியாக மூடாத கதவு முரியலின் கழுத்துத் துணியால் கட்டப்பட்டிருந்தது. முகப்பில் வெள்ளி வல்லூறு வெயிலைக் கொத்தியது.

"ஹீட்டர்!" என்று தமக்குத் தாமே ஆணையிட்டு எட்கர் குமிழைத் திறந்தார்.

அனல் வந்து கால்களைச் சூழ்ந்தது. முரியலின் பாதங்களுக்குக் கீழே தட்டு மெல்லச் சூடேறியது.

"எட்கர், இந்தத் தட்டுல ஞாயித்துக்கிழமை எப்பவும் ஒரு கால்தான் வேகும். இன்னிக்கு ரெண்டு."

"முதல் திருப்பம் வருது, பிடிச்சுக்கோ!"

முதல் திருப்பத்தில் கார் பெருமூச்சு விட்டு ஆவி கக்கியது. அதே இடத்தில், காத்துக்கொண்டிருந்தவர் போல ஹாக்கின் நின்றார். கையில் வாளி. ஓடும் காரின் மூக்கிலேயே நீரை விசிறி அடித்தார். "போங்க சார், நிக்காதீங்க! இந்த இடத்துல நிக்கவே கூடாது!" என்று கூவிய குரல் உடைந்திருந்தது. வெப்பமானியின் ஊசி சிவப்பிலிருந்து இறங்கியது.

யூ மரத்தடியில் சாலை சுவர் போல எழுந்தது. எட்கர் கியரை இரண்டுக்கு மாற்ற முயன்றார். அது பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தது. கார் பின்னால் வழுக்கத் தொடங்குகையில், மரத்தின் நிழலிலிருந்து மிஸ் ஆக்லி பாய்ந்து பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகினார். கட்டை பழையது, வெயிலும் மழையும் பட்டு வெளுத்திருந்தது.

"கியரை நேரா ரெண்டுக்குப் போடாதீங்க! மூணைத் தொட்டுட்டு வாங்க! தொடுங்க, பில்பீம், அழுத்தாதீங்க, தொடுங்க!"

எட்கர் தொட்டார். கியர் வெண்ணெயில் கத்தியாக இறங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

உச்சி தெரிந்தது. அங்கே ஒரு மேசை, தேநீர்க் கொப்பரை, டோரீனின் வெள்ளைத் தொப்பி. இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான். அப்போது என்ஜின் ஒருமுறை இருமியது, மறுமுறை இருமியது, பிறகு, பாட்டின் நடுவே பாடகனுக்கு வரி மறந்தது போல, மெலிந்து தேய்ந்தது.

சாலையோரத்துக் கல்லின்மேல் நின்ற குருவானவர் அங்கி பறக்கக் கத்தினார். "பெட்ரோல் பம்ப்! ஒட்டிக்கிச்சு! அம்மா, உங்க இருக்கைக்குப் பின்னாடிதான் இருக்கு! ஷூவைக் கழட்டி ஓங்கி ஒரு அடி அடிங்க!"

எட்கர் ஸ்டியரிங்கை விட முடியாது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. சும்மா இருந்தால் போதும். முரியல் கையை மடியில் வைத்துச் சும்மா இருந்தாலே, திங்கட்கிழமை வாசல் காலியாகும், தரை சுத்தமாகும், தட்டு அடுக்களைக்குத் திரும்பும்.

முரியல் குனிந்து, தேவாலயத்துக்கென்று வாங்கிய ஷூவைக் கழற்றினாள்.

"ஏய் கழுதை!" என்று காரை அதட்டி, இருக்கைக்குப் பின்னால் ஓங்கி ஒன்று வைத்தாள். "என் புருஷன் விரலை வேக வச்சே! என் காலை வேக வச்சே! என் தட்டைத் தின்னே! இப்போ இங்க வந்து நிப்பியா? ஏறு!"

இரண்டாம் அடிக்குப் பம்ப் டக்டக்கென்று உயிர்த்தது. பெரிக்ரின் ஒரு குலுக்குக் குலுக்கி, நிலைக்கு வரும் தேரைப் போல நிமிர்ந்து, ராக் மேட்டின் உச்சியில் போய் நின்றது.

குருவானவர் கல்லின்மேலேயே மண்டியிட்டுவிட்டார். ஹாக்கின் வாளியைத் தலைக்குமேல் சுழற்றினார். மிஸ் ஆக்லி ஏறிவந்து, காரின் மூக்கைக் குதிரையைத் தட்டுவது போலத் தட்டினார். "ஏறிட்டியா... ஏறிட்டியாடி," என்று அவர் சொன்னது எட்கரிடம் அன்று. மூவரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கதவைத் தடவினார்கள், அழுதார்கள், எட்கரின் கையைக் குலுக்கினார்கள். அவர் கோட்டின் மடிப்பை நிமிர்த்திக்கொண்டு, மார்பை முன்னே தள்ளி, வில்லைக்காகக் காத்து நின்றார்.

வில்லை வரவில்லை.

"ரொம்பப் பெருமையா இருக்கு எட்கர்," என்று மட்டும் சொல்லிக் குருவானவர் கண்ணைத் துடைத்தார். ஹாக்கின் அவர் காதருகே வந்து, "விக்கறதா இருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் வாளியோடு விலகினார்.

எட்கரின் மார்பு மெல்ல இறங்கியது. கையிலிருந்த துணியால், ஏற்கெனவே பளபளத்த வல்லூறை மீண்டும் துடைக்கத் தொடங்கினார்.

முரியலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலில் ஷூவும் மறு கையில் ஷூவுமாக, நேரே தேநீர் மேசைக்கு நடந்தாள்.

"டோரீன், உங்க சங்கத்துக்கு நியாயம்னு ஒண்ணு இருக்கா? அதோ நிக்கறாரே, என் புருஷன்! இந்த வருஷம் பூரா அந்தக் காருக்கு அடியில படுத்துக் கிடந்தவர். ஊரே பாக்க உச்சிக்கு ஏத்திக் காட்டிட்டார். இதுக்கு மேல அவர் என்ன பண்ணணும்? இன்னிக்குக் கூட பேட்ஜ் இல்லேன்னா, பின்ன எப்பத்தான் குடுப்பாங்க?"

டோரீன் கரண்டியைக் கொப்பரையில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட கண்ணு, இந்த ஊருக்கு வந்த பெரிக்ரின் இது ஒண்ணே ஒண்ணுதான், இந்த மேடு ஏறலியேன்னு இதை வித்துட்டு, அப்புறம் என் கடையில வந்து உக்காந்து அழறவங்களுக்குத்தான் அந்த பேட்ஜு!"